மூன்றாம் மாடிக்குத் தொண்டை கட்டிய வாரம்

வாஷிங் மெஷினும் வாட்டர் ஹீட்டரும் விற்கிற ஒரு கம்பெனி அது. வாங்கிய சாமான் மக்கர் செய்கிறது என்று யார் போன் செய்தாலும் முதலில் ஒரு பெண்குரல்தான் எடுக்கும். "வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். தயவுசெய்து சற்றுக் காத்திருங்கள்." நாலு திட்டு திட்டிவிடலாம் என்று வரிந்து கட்டிக்கொண்டு போனை எடுத்தவர்கூட அந்தக் குரலைக் கேட்டதும் கொஞ்சம் ஆறிப்போவார்.

குரலுக்குச் சொந்தக்காரி அதே கம்பெனியின் மூன்றாம் மாடியில், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு புகார் கேட்கிற வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒட்டிய 'ரேடியோ' என்கிற பட்டப்பெயர் வேலைக்கும் கூடவே வந்துவிட்டது. சின்னவர்களுக்கு ரேடியோ அக்கா, பெரியவர்களுக்கு வெறும் ரேடியோ. காத்திருப்பு அறிவிப்புக்கு ஆள் தேடியபோது யாரோ அவள் பேசுவதைக் கேட்டு மேலே அழைத்துப் போனார்கள். அன்றிலிருந்து கம்பெனிக்கு அவள்தான் வாய்.

வீட்டில் அந்தப் புகழ் செல்லுபடியாகவில்லை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வருகிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசமாட்டான். அதற்கும் சேர்த்து மாமியார் பேசுவாள். ஒருநாள் வீட்டு மெஷின் தண்ணீரை இறக்காமல் அடம்பிடிக்க, மாமியாரே கம்பெனிக்குப் போன் போட்டாள். மாலையில் மருமகள் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுலதான் ஒரு டீ கேட்டா இருங்க இருங்கன்னு காக்க வைக்கிறன்னு பாத்தா, போன்லயும் நீயேதான் காக்க வைக்கிற. அங்க மட்டும் எவ்வளவு மரியாதை."

மூன்றாம் மாடியின் பின்சுவரில் கம்பெனியின் ஐந்து உறுதிமொழிகளை நீல எழுத்தில் பெரிதாக எழுதியிருந்தார்கள். நாம் ஒரே குடும்பம் என்பது முதலாவது. எங்கள் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்பது இரண்டாவது. ஊழியர் உடல்நலமே எங்கள் முதல் அக்கறை என்பது மூன்றாவது. பின்சுவரில் இருந்ததால் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் அவை படாது. கண்ணெதிரே, முன்சுவரில் இருந்தது இன்னொரு பலகை. யாராவது ஹெட்செட்டைக் கழற்றி வைத்தால் அவர் மேஜையில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும். அந்தப் பலகையில் அவர் பெயரும் சிவப்பாக ஏறும். திரும்பி வந்து உட்கார்கிறவரை பெயர் இறங்காது. தண்ணீர் குடிக்கப் போனாலும் சரி, கழிவறைக்குப் போனாலும் சரி, ஊருக்கே தெரியும்.

பலகையைக் கட்டி மேய்த்தவர் மாடிப் பொறுப்பாளர். ஸ்டாப்வாட்ச் என்று அவருக்குப் பெயர். காலைக் கூட்டத்தில் முந்தின நாள் அதிகம் எழுந்தவர்களின் பெயரை வாசிப்பார். வாசித்துவிட்டு ஒரு ஜோக்கும் அடிப்பார்; சிரிக்காவிட்டால் அதையும் கவனிப்பார்.

ரேடியோவின் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சமாதானம் அண்ணன். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த மனிதர். எப்பேர்ப்பட்ட கோபக்காரரையும் பேசியே வழிக்குக் கொண்டுவருவதால் அந்தப் பெயர். அவருக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். குடித்தால் எழுந்து போகத்தானே வேண்டும்? பலகையில் அவர் பெயர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

"அண்ணே, உங்களுக்குக் குடுத்தது நாற்காலியா, ஊஞ்சலா?" என்றார் ஸ்டாப்வாட்ச் ஒரு காலைக் கூட்டத்தில்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் டாக்டர் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்தத் திறந்த கதவைத் தேடி மனிதவளப் பிரிவுக்குப் போனார். அங்கே அவரை உட்காரவைத்து, முகம் கொடுத்துப் பேசி, டீயும் தந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் வேலை விழுந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், யாருக்கோ வாட்டர் ஹீட்டரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றார். நாற்காலி பின்னால் உருண்டது. அண்ணன் தரையில் கிடந்தார். அவர் ஹெட்செட்டிலிருந்து "ஹலோ, ஹலோ" என்று யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ரேடியோ தன் ஹெட்செட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினாள். இன்னும் மூன்று பேர் ஓடிவந்தார்கள்.

"மத்தவங்க யாரும் லைனை விடாதீங்க" என்று ஸ்டாப்வாட்சின் குரல் கேட்டது.

அண்ணனின் தலையை மடியில் வைத்திருந்த ரேடியோ நிமிர்ந்து பார்த்தாள். முன்சுவர்ப் பலகையில், அவரைத் தூக்க வந்த நாலு பேரின் பெயரும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருக்கவேண்டும் என்றார்கள். மூன்றாம் மாடி ஒருநாள் வாயடைத்திருந்தது. மறுநாள் பழையபடி ஓட ஆரம்பித்தது.

அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனியின் ஆண்டுவிழா வந்தது. விழாவில் போட ஒரு படம் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் ஐந்து உறுதிமொழிகளையும் ரேடியோ வாசிக்கவேண்டும். ஐந்தாம் மாடியில், சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த சின்ன அறையில் அவளை உட்காரவைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரரும் மனிதவள மேடமும்.

முதல் உறுதிமொழியைப் படித்தாள். இரண்டாவதில் குரல் கொஞ்சம் பிசிறியது. இன்னொரு தரம் படித்தாள். மூன்றாவதற்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சளியாக இருக்கும் என்று நினைத்துத் தண்ணீர் குடித்தாள். தம்ளரைக் கீழே வைக்கும்போதுதான், தண்ணீர் குடிக்கப் பயந்த மனிதரின் முகம் கண்ணுக்குள் வந்தது. சளி இல்லை என்று அவளுக்கே விளங்கிவிட்டது.

"இத நான் படிக்கல மேடம்."

"ஏன், எழுத்து சின்னதா இருக்கா?"

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. விஷயம்தான் நெஜமில்ல."

மேடம் உள்ளே வந்தாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது; தன்மையாகவே பேசினாள். "இத நீங்களா எழுதுனீங்க? எழுதிக் குடுத்தத படிக்கிறீங்க, அவ்வளவுதானே?"

"எழுதுனவங்க யாருன்னு வெளியில ஒருத்தருக்கும் தெரியாது மேடம். குரல் என்னோடதுன்னு எங்க தெருவுக்கே தெரியும். அண்ணன் வீட்டுல அவர் சம்சாரத்துக்குத் தெரியும். நாளைக்கு அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"யோசிச்சுப் பேசுங்க. வேற ஆள வச்சுப் படிக்க வச்சிடுவாங்க."

"வச்சுக்கட்டும்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் சொன்னாள். கணவன் தட்டில் வைத்த கையை எடுக்காமல், "வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. அவளுக்கும் அதே கேள்விதான். மாமியார்தான் பதில் சொன்னாள்.

"போனா போகட்டும். பொய் சொல்ற குரல வீட்டுல வச்சுக்கிட்டு நான் எப்படி நம்பறது? டீ போட்டுட்டேன்னு சொன்னாக்கூட அடுப்பப் போய்ப் பாக்கணும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமியார் தன் பக்கம் நின்று பார்த்தது ரேடியோவுக்கு அதுவே முதல் முறை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எழுந்து போய் நிஜமாகவே டீ போட்டாள்.

மறுநாள் அவளைக் கோப லைனுக்கு மாற்றினார்கள்; உட்காரும் இடம் மட்டும் பழையதுதான். ஒரே சாமான் திரும்பத் திரும்பப் பழுதாகி நொந்துபோனவர்கள் பேசுகிற லைன் அது. முதல் ஆளே அவளை அடையாளம் கண்டுகொண்டார். "காத்திருங்க காத்திருங்கன்னு சொல்ற அம்மா நீங்கதானா? உங்களத்தான் ரொம்ப நாளா தேடிக்கிட்டு இருக்கேன்" என்று ஆரம்பித்தார். திட்டெல்லாம் வாங்கிக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவேண்டும் என்றால் போனாள். பெயர் சிவப்பாக எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் யாரிடமும் எதையும் பற்றவைக்கவில்லை. ஒலிப்பதிவுக்காரர்தான் கேன்டீனில் ஒருவரிடம் சொன்னார்; சாயங்காலத்துக்குள் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ரேடியோவுக்குப் பதிலாகப் படிக்க இரண்டாம் வரிசைப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே, "தொண்டை கட்டியிருக்கு மேடம்" என்றாள். கணீரென்று பேசுகிற ஒரு பையனைக் கேட்டார்கள். "ஐஸ் தண்ணி குடிச்சிட்டேன் மேடம்" என்று கிசுகிசுத்தான். கோவில் மணி போலக் குரல் உள்ள கணக்குப் பிரிவு அம்மாள், ஒன்றும் பேசாமல் கையால் சைகை செய்து காட்டினாள். அந்த வாரம் மூன்றாம் மாடிக்கே தொண்டை கட்டிக்கொண்டது. போன் மணி அடித்தால் மட்டும் எல்லோருக்கும் சரியாகிவிடும்.

கடைசியில் வெளியிலிருந்து ஒரு குரல் நடிகையை வரவழைத்துப் படத்தை முடித்தார்கள். முதலாளிக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்.

"இது யாரு? போன்ல பேசற நம்ம அம்மா எங்க?"

"தொண்டை சரியில்ல சார்" என்றாள் மேடம்.

"வேற யாராவது நம்ம ஆளுங்களப் படிக்க வச்சிருக்கலாமே?"

"எல்லாருக்குமே சரியில்ல சார்."

முதலாளி விடவில்லை; ரேடியோ படிக்க மறுத்ததை மேடம் சொல்லவேண்டியதாயிற்று. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து மூன்றாம் மாடிக்கு இறங்கினார். அவர் அங்கே வந்து வெகுகாலமாகியிருந்தது. ஸ்டாப்வாட்ச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்.

முதலாளி நேராக ரேடியோவின் மேஜைக்கு வந்தார். குரலில் எரிச்சல் இருந்தது. "என்னம்மா, படிக்கமாட்டேன்னு சொன்னீங்களாமே? ஏதாவது குறை இருந்தா எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே. கதவு தெறந்துதானே இருக்கு?"

அவள் எழுந்து நின்றாள். ஹெட்செட்டைக் கழற்றியதும் மேஜை விளக்கு சிவந்தது.

"பக்கத்து சீட்டு அண்ணன் அந்தக் கதவுக்குள்ள போனார் சார். தண்ணி குடிக்கணும், எந்திரிச்சுப் போகணும், அதுக்கு அனுமதி வேணும்னு கேட்டார். ஞாயித்துக்கிழமை வேலை குடுத்தாங்க. அப்புறம் தண்ணியே குடிக்காம இருந்து இங்கதான் விழுந்தார், நீங்க நிக்கிற எடத்துல."

முதலாளி தன்னையறியாமல் ஒரு அடி நகர்ந்தார். "அவங்க ஒருத்தங்க சொல்றாங்க. வேற யாருக்காவது இப்படித் தோணுதா?" என்று பொதுவாகக் கேட்டார்.

கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. அப்போது பக்கத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அன்று காலையில்தான் ஆஸ்பத்திரி விடுப்பு முடிந்து வந்திருந்த சமாதானம் அண்ணன், ஹெட்செட்டைக் கழற்றி மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார். பலகையில் அவர் பெயர் ஏறியது. அவருக்குப் பின்னால் இரண்டாம் வரிசைப் பெண். அப்புறம் ஐஸ் தண்ணீர் பையன். அப்புறம் யார் முந்தி யார் பிந்தி என்று சொல்ல முடியவில்லை. வரிசை வரிசையாக எழுந்தார்கள். மேஜை விளக்கெல்லாம் சிவந்தன. பலகையில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, இடம் போதாமல் முட்டி மோதி, கடைசியில் பலகையே உறைந்து நின்றுவிட்டது.

போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. எடுக்க ஆளில்லை. அந்த நேரம் கூப்பிட்ட அத்தனை பேரிடமும் ரேடியோவின் குரல்தான் காத்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலாளி பலகையை மேலிருந்து கீழாக வாசித்தார். பிறகு திரும்பிப் பின்சுவரின் நீல எழுத்துகளைப் பார்த்தார். அதையும் வாசித்தார். வெளிறிப்போன முகத்தோடு ஸ்டாப்வாட்சிடம், "இத அணைங்க" என்றார்.

எப்படி அணைப்பது என்று ஸ்டாப்வாட்சுக்குத் தெரியவில்லை. அதுவரை யாரும் அணைத்ததில்லை. கடைசியில் அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பின்னால் கையை விட்டு ஒயரைப் பிடுங்கினார். பலகை இருண்டது. அதற்குப் பிறகுதான் கைதட்டல். எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாது. ஜன்னல் கண்ணாடி அதிர்கிற அளவுக்குத் தட்டினார்கள். அண்ணன் மட்டும் தட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே பலகையைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். எழுந்து போக யாரையும் கேட்கவேண்டியதில்லை என்று எழுத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை எல்லோருக்கும் முறைவைத்து என்றானது. அண்ணனுக்கு அதுவும் இல்லை. ஸ்டாப்வாட்சைக் கொஞ்ச காலம் ஹெட்செட் மாட்டி உட்காரவைத்தார்கள். அவர் தலைக்கு மேலேயும் ஒருவர் இதே போல ஒரு பலகையை வைத்திருந்தார் என்பது அப்போதுதான் வெளியில் தெரிந்தது. இரண்டாம் நாளே அவர் சத்தமில்லாமல் எழுந்து கழிவறைப் பக்கம் போனதைப் பார்த்து, யாரும் ஜோக் அடிக்கவில்லை.

"இப்பவாவது படிக்கலாமில்ல?" என்று முதலாளி கேட்டனுப்பினார்.

"ஒரு மாசம் போகட்டும் சார். நெலைக்குதான்னு பாத்துட்டுப் படிக்கிறேன்" என்றாள் ரேடியோ.

விழாவையே அவர்கள் தள்ளிவைத்தார்கள். மாதம் போனது, நிலைத்தது. பஞ்சு அறையில் உட்கார்ந்து ஐந்தையும் ஒரே மூச்சில் படித்தாள். ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டை விரலை உயர்த்தினார். விழாவன்று பெரிய திரையில் மூன்றாவது உறுதிமொழி ஒலித்தபோது, மூன்றாம் மாடி மொத்தமும் விசில் அடித்தது. லிஃப்ட் மெக்கானிக் தன் வாழ்நாளில் முதல் தடவையாக விசில் அடித்து, அது வெறும் காற்றாகப் போய்விட்டது. மாமியார் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், "என் மருமக" என்றாள். அவள் சரியாகக் கேட்காததால் இன்னொரு தரமும் சொன்னாள்.

விழா முடிந்து வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, கீழ்த்தளக் குடோனிலிருந்து சுமை ஏற்றுகிற இரண்டு பேர் படியேறி வந்தார்கள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாடியின் வழவழப்பான தரையில் கால் வைக்கத் தயங்கி வாசலிலேயே நின்றார்கள்.

"ரேடியோ அக்காங்கறது யாருங்க?"

"நான்தான். சொல்லுங்க."

"கீழ ஃபேன் ஓடி ரொம்ப நாளாச்சுக்கா. சொல்லிச் சொல்லிப் பாத்துட்டோம். நீங்க ஒருவாட்டி வந்து பாத்தீங்கன்னா நல்லாருக்கும்."

அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "வாங்க, போய்ப் பாப்போம்" என்று முன்னால் நடந்தாள். சமாதானம் அண்ணனும் எழுந்து கூடவே வந்தார்.