பொட்டு வைத்த போல்ட்டும் ஆடிய ஸ்டீயரிங்கும்

பிக்கப்பைத் தூக்கி, பெரிய டயர் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றத் திட்டம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை காலை ஆறரைக்கு நானும் மனைவி கவிதாவும் திருவள்ளூரிலிருந்து எளாவூருக்குக் கிளம்பினோம். அங்கே அவள் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. பெரியபாளையம், கவரப்பேட்டை வழியாகச் சுமார் அறுபது கிலோமீட்டர். முன் சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சு தாங்கும் எங்கள் பழைய பிக்கப்பை, கும்மிடிப்பூண்டியில் ஒரு கடைக்காரர் அண்மையில்தான் மூன்று அங்குலம் உயர்த்திக் கொடுத்திருந்தார்.

அன்றிலிருந்தே எழுபதைத் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையை உதறும். இரண்டு முறை கடைக்குப் போனேன். முதல் முறை வீல் பேலன்ஸிங் செய்தார். அடுத்த முறை உதறலைத் தாங்க ஒரு டேம்பர் மாட்டினார். "ரோடு அப்பிடி சார். பெரிய டயரு போட்டுக்கினு ஆடாம இன்னா பண்ணும்?" என்று என்னையே கேட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

கும்மிடிப்பூண்டி தாண்டி ஒரு பாலத்து இணைப்பில் ஏறியதும் மறுபடி ஆட்டம். இந்த முறை நிற்கவே இல்லை. பக்கத்தில் கம்பி ஏற்றிய லாரி. முப்பதுக்கு இறங்கிய பிறகுதான் வண்டி என் பேச்சைக் கேட்டது. ஓரங்கட்டினேன்.

"இன்னொரு தபா அந்தாள நம்பினீங்கன்னா நான் பஸ்லயே போயிக்கிறேன்," என்றாள் கவிதா.

டயர்களுக்குக் கல் வைத்தேன். என்ஜின் ஓட, அவள் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்டினாள். நான் பக்கவாட்டில் படுத்துப் பார்த்தேன். மற்ற மூட்டுகளில் குறையில்லை. அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்கு ராடில்தான் விஷயம். எங்கள் பக்கத்துக் கடைகளில் வேலை முடிந்ததும் புதுப் பாகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். போல்ட் தலையையும் சட்டத்தையும் சேர்த்து வைத்திருந்த அந்தப் பொட்டு இரண்டாகப் பிளந்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் விலகி விலகிச் சேர்ந்தது. பொட்டு வைக்க நேரம் இருந்திருக்கிறது, போல்ட்டை முறுக்க நேரமில்லை!

ஸ்பேனரால் முடிந்தவரை முறுக்கிவிட்டு, முப்பதிலேயே உருட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினோம். அங்கே அப்போதுதான் தூக்கி முடித்து மாலை போட்ட இன்னொரு பிக்கப், நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். சாவி வாங்க நின்ற அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

கடைக்காரர் குறுக்கே வந்தார். "நல்ல நேரத்துல அபசகுனமா பேசாதீங்க சார். பேஜாரு பண்ணாதீங்க."

"லாரிக்கு அடியில போயிருந்தா அது நல்ல சகுனமா?" என்று கத்தினேன். கத்தியதற்கு வருத்தமில்லை.

கவிதா யாரையும் கேட்கவில்லை. அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஆட்டினாள். பிள்ளைகளின் அப்பா வெள்ளைச் சட்டையோடு கிரீஸ் தரையில் படுத்தார்.

"பொட்டு பிளக்குது," என்றார்.

கடைக்காரர் ஸ்பேனர் எடுக்கப் போனார்.

நீங்களும் வண்டியைத் தூக்கியிருந்தால், டேம்பருக்குச் செலவழிக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். டயர் தரையில் இருக்க வேண்டும், ஸ்டீயரிங்கை ஆட்ட நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும். கடைசி முறுக்கையும் வண்டி தரையில் நிற்கும்போதே போடச் சொல்லுங்கள். காதுகுத்துக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை. அந்த அப்பா தரையிலிருந்து எழுந்ததும் முதலில் செய்தது, பின்கதவைத் திறந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கியதுதான்.