அத்திக்குப் போர்த்திய சாக்கு

பத்து வயதில் ஒரு மரத்தைப் பனிக்குக் கொடுத்தேன். பழியை நாயின் மேல் போட்டேன். முதலாவது விளையாட்டு. இரண்டாவது தெரிந்தே செய்தது.

அப்பாவின் தங்கையான என் அத்தை, தன் விருப்பப்படி ஒருவரை மணந்துகொண்டு கொடைக்கானல் மேல்மலைக்குப் போனாள். கிளம்பும்போது ராஜபாளையத்து வீட்டின் கிணற்றடிச் சீமையத்தியில் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டாள். தாத்தாவுக்குக் கோபம் மாப்பிள்ளையின் மேல், திட்டியதோ மலையை.

"அந்தக் குளிர்ல அத்தியும் காய்க்காது, நீயும் தழைக்க மாட்ட."

"காய்க்க வைப்பேன். அந்தப் பழத்தோடதான் இந்தப் படி ஏறுவேன்."

அதன்பின் அவளைப் பார்க்கப் போக வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. அரையாண்டு விடுமுறையில் அப்பா என்னை மட்டும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவோடு, மலைக்குத் திரும்பும் கேரட் லாரியில் ஏற்றிவிடுவார். தாத்தாவிடம் வத்திராயிருப்புக்கு என்று சொல்லிவிடுவார்.

அத்தை மரத்தைப் பனியிலிருந்து காத்த விதமே தனி. அடியில் சருகு, கிளைகளைச் சுற்றி வைக்கோல், மேலே சாக்கு, சணலால் முடிச்சு. அந்த வருஷம் நுனிகளில் மிளகளவு பிஞ்சுகள் இருந்தன. பனி தாண்டினால் கோடையில் பழுக்கும்.

"அன்னைக்கு ஒங்க தாத்தா மொகத்தப் பாக்கணும்லே" என்றாள்.

அங்கத்துப் பையன்கள் சாக்கில் உட்கார்ந்து புல்சரிவில் சறுக்குவார்கள். எனக்குச் சாக்கு இல்லை. ஒரு மாலை அத்தியின் முடிச்சை அவிழ்த்தேன். கிழிந்துபோன சாக்கைத் திரும்பக் கட்டவில்லை. இரவில் உறைபனி இறங்கியது. காலையில் பிஞ்சும் கிளையும் கருகிக் கிடந்தன.

"நாய் இழுத்துட்டு அத்தே" என்றேன்.

ராஜபாளையத்திலிருந்து அவளோடு போன வெள்ளை நாய் அது. மாமா அதை அடித்துச் சங்கிலியில் கட்டினார். அத்தை, மரத்தில் தொங்கிய சணலைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கருகியதை வெட்டி எறிந்தாள்.

"வேரு இருக்கு. அடுத்த வருசம் பாத்துக்கிடுதேன்."

அடுத்த வருஷம்வரை தாத்தா இருக்கவில்லை. சாவுக்கு வந்த அத்தை தெருவிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனாள். படி ஏறவில்லை. எனக்கு அது வெறும் பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

போன வருஷம், எழுபதை நெருங்கும் வயதில், அதே கிணற்றடி மரத்துக் குச்சி ஒன்றோடு மேலே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை சிரித்தாள்.

"நாய் முடிச்ச அவுக்குமாலே? அன்னைக்கே தெரியும். ராத்திரியே நாயச் சங்கிலியிலருந்து அவுத்துவிட்டுட்டேன்."

"ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"சொன்னா ஒங்கப்பா மறுவருசம் ஒன்னய அனுப்புவாவளா?"

நான் கொண்டுபோன குச்சியை வாங்கி அடுப்பில் சொருகினாள். பிறகு கொல்லைக்குக் கூட்டிப்போனாள். கருகிய அடியிலிருந்து பல தண்டுகள் கிளைத்து, அத்தி பெரும்புதராக நின்றது, நிறையப் பழத்தோடு.

"பழத்தோட வீட்டுக்கு வாங்க அத்தே."

"சொன்னவிய போயிட்டாவ. இனி அந்தப் படி எனக்கெதுக்கு?"

"தாத்தா படத்துக்கு முன்னாலயாவது வைக்கட்டுமா?"

"வேண்டாம். இங்கனயே தின்னு" என்று கை நிறையப் பறித்துத் தந்தாள். "அந்த வீட்டுலருந்து ஏறி வந்தது நீ ஒருத்தன்தான்."

அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாகத் தின்றேன்.