எட்டு நிலைக்கு எட்டே பெயர்

தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்ததுமே ரமாபாய் பையிலிருந்து ஒரு சதுர பிஸ்கட் டப்பா மூடியை எடுத்துவிடுவாள். கால் வட்டம் திருப்புவாள், புரட்டுவாள், மறுபடி திருப்புவாள். எங்கள் வியாசர்பாடி குடியிருப்பில் எட்டு வருடமாகப் பார்க்கிறேன்.

"இன்னா ரமா, மூடியவே திருப்பிகினு கீற, டப்பாவ எப்பத் தொறப்ப?" என்பாள் கீழ்வீட்டு மலர்க்கொடி.

ரமாபாய் மாலையில் காலடிப்பேட்டையில் டியூஷன் எடுக்கிறாள். மற்ற நேரமெல்லாம் கணக்கில் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி.

ஆறாவதோடு நின்ற எனக்கே ஒருநாள் புரியவைத்தாள். மூடியை ஆயிரம் முறை திருப்பினாலும் புரட்டினாலும் கடைசியில் அது எட்டு நிலைகளில் ஒன்றில்தான் நிற்கும். ஒரு நிலைக்குப் போக எத்தனையோ வழி. அவற்றில் ஒரே ஒரு வழியைத்தான் அந்த நிலைக்குப் பெயராக வைக்க வேண்டும். அவள் விதி இது: முதலில் திருப்பல், மூன்றுக்கு மேல் கூடாது. பிறகு வேண்டுமானால் ஒரு புரட்டல். அதோடு சரி. எழுதிய பெயரை இடமிருந்து வலமாக ஒரே ஓட்டமாகப் படித்தாலே சரியா தப்பா என்று தெரிந்துவிடும். எட்டு நிலை, எட்டே பெயர்.

"மூடி சும்மா டிரயலு. நான் பண்ணிகினு கீறது நெலைங்களுக்கு முடிவே இல்லாத கூட்டத்துக்கு" என்றாள்.

ஆய்வேட்டை நான்கு வருடம் மேசையில் போட்டுவைத்திருந்த வழிகாட்டிப் பேராசிரியர், முதல் பக்கத்து மூடிக் கணக்கிலேயே தவறு என்றார். மூன்று முறை திருப்பிப் புரட்டுவதும், புரட்டிவிட்டு ஒருமுறை திருப்புவதும் ஒன்றுதான், ஆகவே ஒரே நிலைக்கு இரண்டு பெயர் என்று கருத்தரங்கில் எல்லோர் முன்னாலும் பலகையில் எழுதினார்.

"சார், பொரட்டுனப்பறம் திருப்பக் கூடாதுன்னு ரூலு கீது. நீங்க எழுதிக்கீறது என் லிஸ்ட்லயே இல்ல."

முதலில் மனுஷர்கள் பேசுகிற மாதிரி பேசக் கற்றுக்கொண்டு வா என்றாராம். அறையே சிரித்ததாம்.

தண்ணீர் வரிசையில் நின்ற எனக்குப் புரிந்தது அவருக்குப் புரியாமலா போயிருக்கும்? வியாசர்பாடிப் பெண் தன்னைத் திருத்துவதா என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

போன வாரம், ரமாபாய் தன்னிடம் மன்னிப்புக் கேட்பதாக ஒரு கடிதத்தை ஆள் மூலம் அனுப்பினார். அவரே தட்டச்சு செய்தது. அவள் அடியில் கையெழுத்துப் போட்டால் அவரும் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவாராம். அவள் நிதானமாக முழுவதும் படித்தாள். டியூஷன் தாள் திருத்தும் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். ஓரத்தில் பத்துக்குப் பூஜ்யம் என்று போட்டு, வந்தவர் கையிலேயே கொடுத்தாள்.

இது 2004 ஜனவரி. வேறு வழிகாட்டி கேட்டுப் போட்ட மனுவுக்குப் பதில் இல்லை. மார்ச்சில் அவள் ஆராய்ச்சிப் பதிவு காலாவதியாகிறது.