குடிக்காத தண்ணீர்

மகள் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது.

அதுவரை அவள் படித்தது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில். எங்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் அதன் மைதானம் தெரியும். மைதானம் என்பதே கொஞ்சம் அதிகம். ஒரு வேப்பமரமும் அதைச் சுற்றி ஓடுகிற அளவுக்கு இடமும். ஒரே டீச்சர்தான் எல்லாப் பாடமும் எடுத்தார். மகள் ஒரு நாள் போகவில்லையென்றால் சாயங்காலம் வாசலில் வந்து நின்று, "இன்னா ஆச்சு, ஏன் வரல?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அந்தப் பள்ளி ஐந்தாவதோடு முடிந்துவிடும்.

ஆறாவதுக்கு ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளி. பன்னிரண்டாவது வரை உண்டு. காலை மணி அடிக்கும்போது உள்ளே போகிற கூட்டத்தைப் பார்த்தால் ரயில் வந்து நின்ற மாதிரி இருக்கும். பாடத்துக்கு ஒரு டீச்சர். முன்பெல்லாம் வாய்க்கு வாய் "எங்க மிஸ்ஸு" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது "சயின்ஸ் மிஸ்", "மேத்ஸ் மிஸ்" என்றாள். எங்கள் என்ற சொல் போய்விட்டது. அதை நான் கவனித்தேன். கவனித்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

பயமெல்லாம் எனக்கு ரோட்டைப் பற்றித்தான் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். நிற்கிற லாரி எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. முதல் வாரம் முழுக்க அவள் ஏறிய பஸ்ஸிலேயே நானும் ஏறினேன். அவள் முன்னால் நின்றாள், நான் பின்னால். இறங்கியதும் கையைப் பிடிக்கப் போனேன்.

"அம்மா, கைய வுடு. பாக்குறாங்க."

"யார் பாக்குறாங்க?"

"எல்லாம்தான். அப்பால, பாப்பான்னு கூப்டாத இங்க."

கையை விட்டேன். அவள் கூட்டத்தோடு கூட்டமாக ரோட்டைக் கடந்து உள்ளே போனாள். நான் எதிர்ப்பக்கம் நின்று, ஒரே மாதிரி பின்னிய இத்தனை இரட்டைச் சடைகளில் எது என் பெண்ணுடையது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

நான் வேலை செய்வது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏஜென்ட் ஆபீஸில். வருகிற கன்டெய்னர் பெட்டி, போகிற பெட்டி, எல்லாவற்றின் எண்ணையும் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினால் லாரி துறைமுக கேட்டிலேயே நின்றுவிடும். அந்த ஜூன் மாதத்தில் என்னால் எத்தனை லாரிகள் நின்றன என்று முதலாளியைக் கேட்டால் தெரியும். "இன்னாம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இல்லை சார், பொண்ணு ஆறாவது போறா என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கே சொன்ன பிறகு வேடிக்கையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அவள் பையைத்தான் முதலில் திறப்பேன். சோறு பாதி இருக்கும். தண்ணீர் பாட்டில் காலையில் ஊற்றிக் கொடுத்தபடியே இருக்கும்.

"தண்ணி ஏன் குடிக்கல?"

"தாகமா இல்ல."

ராயபுரத்து வெயிலில் தாகம் எடுக்காத பிள்ளை உண்டா? பாட்டில் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஸ்டீல் பாட்டில் வாங்கினேன். அதுவும் அப்படியே திரும்பியது. பள்ளி விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராக பாத்ரூமுக்கு ஓடுவாள். "தரையெல்லாம் மண்ணு, ஷூவ கழட்டிட்டுப் போடி" என்று பின்னாலேயே கத்துவேன். கதவு சாத்திக்கொள்ளும்.

என் கணவர் எண்ணூர் பக்கம் ஒரு ஷெட்டில் வெல்டர். ட்ரெய்லர் லாரிகளின் உடைந்த சட்டங்களை ஒட்டுகிற வேலை. அவரிடம் சொன்னேன். "புது ஸ்கூலு, கொஞ்ச நாளு அப்டித்தான் இருக்கும். நீ ஏன் சும்மா பேஜாரு பண்ணிகினு கீறே?" என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. அப்படியும் மறுநாள் மதியம் ஆபீஸிலிருந்து பள்ளி வரை நடந்துபோய், சாத்திய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆடி பிறந்த சமயம். ஒரு காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். தூக்காத குறையாக லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். சிறுநீர் போகும்போது எரிகிறதா என்று கேட்டார். தலையாட்டினாள்.

"ஸ்கூல்ல பாத்ரூம் போவியா?"

மகள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"தண்ணி குடிக்கிறியா?"

அதற்கும் காலண்டர்தான்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இன்ஃபெக்‌ஷன். மாத்திரை தரேன், சரியாயிடும். ஆனா காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கி வெச்சா மறுபடியும் வரும். ஆறாவது, ஏழாவது பசங்க நிறைய பேரு இதோட வராங்க. அங்க என்ன பிரச்சனைன்னு கேளுங்க."

வெளியே வந்ததும் ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். வேண்டாம், நடக்கலாம் என்றாள். காய்ச்சலில் நடக்க வேண்டுமென்று அவள் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது, ஆட்டோக்காரர் காதில் விழக்கூடாத ஏதோ இருக்கிறது. வழியில் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தோம். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அங்க கதவுக்குத் தாப்பா இல்லம்மா."

"எந்தக் கதவுக்கு?"

"பாத்ரூமுக்கு. ஒண்ணே ஒண்ணுக்குத்தான் கீது. அதுக்கு பெரிய அக்காங்க எல்லாம் லைன்ல நிப்பாங்க. நம்மள வுட மாட்டாங்க. நான் ஒருநா வேற கதவுக்குள்ள போனேன். காலால புடிச்சிகினு இருந்தேன். தள்ளித் தொறந்துட்டாங்க."

"யாரு?"

"தெர்ல. ஒம்பதாவது அக்காங்க. பாத்துட்டு சிரிச்சாங்க."

அன்று அழுது முடித்து வகுப்புக்குப் போனபோது மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்ததாம். ஏன் லேட் என்று கேட்டதற்குச் சொல்லத் தெரியாமல், பாடம் முடியும்வரை வெளியே நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும்?

அன்றைக்கு என் கணவர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். லுங்கி கூட மாற்றவில்லை, அப்படியே எழுந்துவிட்டார். "நாளைக்கே நான் போய் கேக்கறேன். இன்னா ஸ்கூல் நடத்துறாங்க?"

மகள் போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். "நைனா வரக்கூடாது. யாரும் வரக்கூடாது. வந்தா நான் ஸ்கூலுக்கே போவ மாட்டேன்." அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மறுபடி உட்கார்ந்தார்.

போகாமலிருந்தால் மறுபடி காய்ச்சல். போனால் பிள்ளை எங்கள்மேல் வைத்திருக்கிற நம்பிக்கை போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நாலைந்து நாள் கிடந்து தவித்தேன். சமைக்கும்போது கேஸை மூட்டிவிட்டு ஏன் மூட்டினோம் என்று நிற்பேன்.

பள்ளிக்கு அவள் திரும்பிப் போன அன்று சாயங்காலம் கூட்டிவரப் போயிருந்தேன். கேட்டுக்கு வெளியே புர்கா அணிந்த ஒரு பெண் என் பக்கத்தில் நின்றிருந்தார். முன்பே பார்த்த முகம்தான். அவர் பெண்ணும் என் மகள் வகுப்புதான். "உங்க பொண்ணு ஏன் நாலஞ்சு நாளா வரல?" என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். என்ன காய்ச்சல் என்றார். ஏனோ மறைக்கத் தோன்றவில்லை. சொன்னேன்.

அவர் கேட்டுக்குள் எட்டித் தன் பெண்ணைத் தேடினார். பிறகு, "என் பொண்ணும் வூட்டுக்கு வந்ததும் ஷூவோட பாத்ரூமுக்குத்தான் ஓடுது. நான் திட்டிகினே கீறேன்" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டுச் சிரித்ததற்காக வெட்கப்பட்டோம். அவர் வீட்டுக்காரர் வண்ணாரப்பேட்டையில் ஆணி, பூட்டு, கீல் விற்கிற கடை வைத்திருக்கிறார். "தாப்பாதான? எங்க கடைல பொட்டி பொட்டியா கீதுக்கா" என்றார்.

அன்று தோசை ஊற்றிக்கொண்டே மகளிடம் பேச்சை எடுத்தேன். "நான் போய் பெரிய மிஸ்ஸ பாக்கட்டா? உன்னைக் கேக்காம போவ மாட்டேன்."

தோசையைப் பிய்த்துத் துண்டு துண்டாக்கினாள். "என் பேரச் சொல்லக்கூடாது."

"சொல்லல."

"என் கிளாஸையும் சொல்லக்கூடாது. அந்த அக்காங்களப் பத்தியும் சொல்லக்கூடாது."

"அப்ப இன்னாதான் சொல்றது?"

"கதவுக்குத் தாப்பா இல்லன்னு சொல்லு. அவ்ளோதான்."

எனக்கு இது தோன்றவே இல்லை. யார் தள்ளினார்கள், யார் வெளியே நிறுத்தினார்கள் என்று ஒரு பெரிய சண்டையைத் தலைக்குள் நடத்திக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தேவைப்பட்டது தாழ்ப்பாள்.

நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்து போனோம். தலைமை ஆசிரியை களைத்த முகத்தோடு இருந்தார். நாங்கள் சொல்லத் தொடங்கியதுமே கையை உயர்த்தினார். "தெரியும்மா. நானும் எழுதிப் போட்டுட்டேன். ஆள் வந்து பார்த்துட்டுப் போனாங்க. அதோட சரி." பிறகு சற்றுத் தயங்கி, "உங்க வீட்டுல யாராவது செஞ்சு குடுத்தா நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். சனிக்கிழமை வரச் சொல்லுங்க, பிள்ளைங்க இல்லாதப்போ" என்றார்.

சனிக்கிழமை என் கணவர் ட்ரில்லும் வெல்டிங் செட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். கடைக்காரர் ஒரு பெட்டி நிறையத் தாழ்ப்பாள் கொண்டு வந்தார். இருவரும் அதற்கு முன் பார்த்துக்கொண்டதில்லை. வந்த வேகத்தில் சண்டை.

"இன்னா பாய், இம்மாம் பெரிசா எடுத்தாந்துகீற? கோயில் கதவா இது?"

"சின்னது போட்டா ஒரே மாசத்துல பேந்துக்கும் நைனா. எத்தினி பொண்ணுங்க தொறந்து மூடும், நீயே சொல்லு."

பெரியதையே போட்டார்கள். சில கதவுகளின் அடித்தகரம் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. அதற்குத் தகடு வைத்து ஒட்டினார் என் கணவர். நான் துடைப்பத்தோடு பின்னால் நின்றேன். ஒவ்வொரு கதவு முடிந்ததும் என்னை உள்ளே போகச் சொன்னார். நான் தாழ்ப்பாளைப் போட்டதும் வெளியிலிருந்து தோளால் இடித்துத் தள்ளினார். கதவு அதிர்ந்தது, திறக்கவில்லை. மறுபடி இடித்தார். எல்லாக் கதவையும் அப்படித்தான் சோதித்தார். கடைசிக் கதவை இடிக்கும்போது தேவைக்கு மேலேயே இடித்தார் என்று தோன்றியது. நான் திறந்து வெளியே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு ட்ரில்லின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இங்கதான் நின்னுகினு இருந்துச்சா நம்ம பொண்ணு" என்றார். நான் உதிர்ந்து கிடந்த துருவைப் பெருக்கினேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் எனக்கு எண்களே தெரியவில்லை. சாயங்காலம் மகள் வந்ததும் பையைத் திறந்தேன். பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. அவளே சொன்னாள்.

"எல்லாத்துக்கும் தாப்பா போட்டுட்டாங்க. யாரு போட்டாங்கன்னு பசங்க கேட்டாங்க. தெர்லன்னு சொல்லிட்டேன்."

அவள் பார்வை தகப்பனின் கைமேல் இருந்தது. அதில் புதிதாக ஒரு தீப்புண். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "யாராவது போட்டுருப்பாங்க" என்றார்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பெரிய பெண்கள் இன்னமும் வரிசையில் முந்துகிறார்களாம். மணி அடித்துவிட்டால் ஓட வேண்டியிருக்கிறதாம். இவளும் கடைக்காரர் மகளும் சேர்ந்து போகிறார்கள். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே நிற்கிறாள். ஐந்தாவது வரை இவளோடு ஒட்டிக்கொண்டே திரிந்த எதிர்வீட்டுப் பெண்ணும் இதே பள்ளிதான், ஆனால் வேறு பிரிவு. இப்போது கண்டால் சிரிப்பதோடு சரி. அதைப் பற்றி மகள் பேசுவதில்லை. நான் கேட்டால் "ஒண்ணியும் இல்ல" என்கிறாள். அந்த ஒண்ணியும் இல்லைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு ட்ரில் எடுத்துக்கொண்டு போக வழியில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தலைமை ஆசிரியை மறுபடி ஆள் அனுப்பினார். குடிதண்ணீர்த் தொட்டியில் குழாய்கள் ஒழுகுகின்றனவாம், சனிக்கிழமை வர முடியுமா என்று. "ஒருவாட்டி போனது தப்பாப் போச்சு" என்று முனகிக்கொண்டே என் கணவர் பையில் சாமான்களை எடுத்து வைத்தார். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எங்க கெளம்பிட்ட?"

"எந்தக் கொழா ஒழுவுதுன்னு உனுக்குத் தெரியுமா? நான்தான காட்டணும்."

இருவரும் வண்டியில் ஏறிப் போனார்கள். அவள் ஒரு கையால் ஸ்பானர் பையையும் மறு கையால் அவர் சட்டையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று அரை நாள் ஆபீஸ். போகும் வழியில் லாரிகள் ரோடு முழுக்க அடைத்து நின்றன, பஸ் நகரவில்லை. வண்டியில் போனவர்கள் அந்த லாரிகளுக்கு நடுவில்தானே போயிருப்பார்கள் என்று தோன்றிய உடனே அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மகள்தான் எடுத்தாள். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"நைனா கை ஈரமா கீது. நாங்க வேலையா கீறோம்மா, அப்பால பேசு" என்று வைத்துவிட்டாள்.