இரவல் கைகள்

திருத்தணியில் வாழ்ந்து மறைந்த மெல்லிசைப் பியானோ கலைஞர் ஒருவரைப் பற்றி எழுத, அவர் மகள் மேரியைச் சந்தித்தேன். அந்தக் கலைஞர் வாசித்ததாகக் கேள்விப்பட்ட பழைய படக் காட்சியைக் கைப்பேசியில் காட்டினேன். கதாநாயகன் பியானோ முன் சிரித்தான். அடுத்து, கட்டைகள் மேல் பறக்கும் விரல்கள் மட்டும் தெரிந்தன.

“நிறுத்துங்க சார்! அந்த வளைஞ்ச சுண்டுவிரலு எங்க நைனாது.”

நடிகருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், வாசிப்பவருக்கு அதே கோட்டு மாட்டிக் கைகளை மட்டும் படம்பிடிப்பார்கள் என்றேன்.

“‘படத்துல என் கைதான்’னு சொல்லிகினே இருந்தாரு. ‘மெட்ராஸுக்கு ரயில்ல போறப்ப மூஞ்சிய அரக்கோணத்துலயே எறக்கி வுட்டியா’ன்னு அம்மா கிண்டல் பண்ணும். நாங்க சிரிப்போம். அப்புறம் அதப் பத்திப் பேசறதையே வுட்டுட்டாரு.”

மேரி விரலால் திரையைக் கீழே இழுத்தார், மேலே முகம் இருக்கும் என்பதுபோல.

பழைய படங்களில் பியானோ வந்தால், இப்போது நானும் திரையின் மேல்விளிம்பையே பார்க்கிறேன்.