ஸ்பீக்கர் மிஸ் பேசாத மாதம்

அந்த நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு அவர் ஸ்பீக்கர் மிஸ். மாடியில் அவர் வாய்ப்பாடு சொன்னால் கீழே சைக்கிள் நிறுத்துகிறவனுக்கும் மனப்பாடம் ஆகிவிடும் என்பார்கள். அடுத்த அறையில் அறிவியல் நடத்துகிற டீச்சர் ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார். "நான் நடத்துறது ஒளிச்சேர்க்கை. என் பசங்க நோட்டுல எழுதியிருக்கிறது உங்க பின்னம். இது நியாயமா சொல்லுங்க!"

அந்தக் குரல் வளர்ந்த வீடு அப்படி. அப்பா நெசவாலையில் தறி மெக்கானிக். வருடக்கணக்காகத் தறிச் சத்தத்தில் நின்று காது மந்தமாகிப் போனவர். அவரிடம் 'தண்ணி வேணுமா' என்று கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அம்மா கத்துவார், அக்கா கத்துவார், தொட்டிலை விட்டு இறங்கியதும் இவரும் கத்தத் தொடங்கினார். அந்த வீட்டில் ரகசியம் என்று எதுவும் தங்கியதில்லை. ஆசிரியர் வேலைக்கான நேர்காணலில் முதல் கேள்விக்கு இவர் பதில் சொன்னதுமே, "போதும்மா, கடைசி பெஞ்ச் வரைக்கும் கேக்கும்" என்று வேலை உத்தரவை எழுதிக்கொடுத்துவிட்டார்களாம். கல்யாணமும் பொருத்தமாகத்தான் அமைந்தது. கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். "நாள் முழுக்க இஞ்சின் பக்கத்துல உக்காந்திருக்கிறவன் நான். வீட்டுக்கு வந்தா இவ பேச்சு எனக்குத் தாலாட்டு மாதிரி இருக்கும்" என்பார்.

அந்தக் குரலை நம்பித்தான் ஸ்பீக்கர் மிஸ் இருபது வருடத்துக்கும் மேலாகப் பாடம் நடத்தினார். எட்டாம் வகுப்பு முடிகிற நேரத்தில் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நாளில், ஒரே வினாத்தாளோடு பொதுத் திறன் தேர்வு வரும். ஒரு கேள்விக்கு நாலு விடை, சரியானதற்கு நேராக உள்ள வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்ப வேண்டும், திருத்துவது இயந்திரம். "மெஷினுக்குக் கண்ணு இருக்கு, கருணை கிடையாது" என்று தலைமையாசிரியர் காலை வணக்கத்தில் வாரம் தவறாமல் எச்சரிப்பார். ஸ்பீக்கர் மிஸ்ஸின் கைவைத்தியம் எளிமையானது. சூத்திரத்தை அவர் ஒருமுறை முழங்குவார், வகுப்பு மூன்றுமுறை திருப்பி முழங்கும். புரிகிறதா இல்லையா என்பது பிற்பாடு. முதலில் நாக்கில் ஏறட்டும், மண்டைக்குத் தானாக வழி தெரியும் என்பது அவர் கட்சி.

அந்த வருடம் அவருக்கு வாய்த்தது கடைசிப் பிரிவு. மாதிரித் தேர்வு எதை வைத்தாலும் வால்பக்கம் பிடித்துக்கொண்டு வருகிற வகுப்பு. அதில் ஒரு பெண்ணுக்குப் பம்பரம் என்று பெயர். இருந்த இடத்தில் இருக்க மாட்டாள். பேனா விழுந்தது என்பாள், ஜன்னலைச் சாத்தட்டுமா என்பாள், ஒன்றும் இல்லாவிட்டால் எழுந்து நின்றுகொண்டே எழுதுவாள். ஸ்பீக்கர் மிஸ் ஒரு பாடவேளையில் அதிகம் சொல்கிற சொல் கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை, "உக்காரு" என்பதுதான்.

தேர்வு நெருங்க நெருங்க முழக்கம் கூடியது. ஒரு காலை, உருளையின் கன அளவைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிப் பார்த்தார். கிழிந்த காகிதத்தை இழுத்தது போல ஒரு ஒலி. வகுப்பு முதலில் சிரித்தது. அவர் கையைத் தொண்டையில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுபோனது. மிஸ் உட்கார்ந்து அவர்கள் பார்த்ததே இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் சிறிய கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, குரல் நாண் ரெண்டுலயும் காய்ப்பு காய்ச்சிருக்கு. மண்வெட்டி பிடிச்சவங்க உள்ளங்கை மாதிரி. ஒரு மாசம் பேசவே கூடாது. குசுகுசுன்னு பேசுறது இன்னும் மோசம்."

கூட வந்திருந்த கணவர், "ஒரு மாசமா? டாக்டர், வேற மருந்து எதுவும் இல்லையா?" என்று கேட்டார்.

"இதுதான் மருந்து. வாய மூடிட்டு இருந்தா சரியாப்போகும். இல்லேன்னா கத்திதான்."

தலைமையாசிரியர் பழைய வரலாற்று ஆசிரியர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "தேர்வு நேரத்துல மாத்து ஆளுக்கு நான் எங்க போவேன்? நீங்க வகுப்புல சும்மா உக்காருங்க மிஸ். மாதிரி வினாத்தாளைக் குடுங்க, பசங்க போடட்டும். சத்தம் மட்டும் வராமப் பாத்துக்குங்க." சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். சத்தம் போடாமல் சத்தத்தை அடக்குவது எப்படி?

முதல் இரண்டு நாள் வகுப்பின் இரைச்சலிடம் சந்தை தோற்றது. மூன்றாம் நாள் ஸ்பீக்கர் மிஸ் ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதினார். நூற்று முப்பது மாணவர்கள் சுற்றுலா போகிறார்கள். ஒரு பேருந்தில் நாற்பது பேர் உட்காரலாம். எத்தனை பேருந்து வேண்டும்? விடை நாலு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒருவன் மூன்று என்றான். வழக்கமாக இருந்தால் "தப்பு, அடுத்தவன் சொல்லு" என்று இடி விழுந்திருக்கும். இப்போது இடிக்க வழியில்லை. சாக்குக்கட்டியை எடுத்தார். நீளமாக எழுதக் கை வலித்தது. 'ஏன்?' என்று இரண்டே எழுத்து எழுதினார்.

அவன் தயங்கி எழுந்தான். "மூணு பஸ்ஸுல நூத்தி இருபது பேர் உக்காந்துருவாங்க மிஸ். மிச்சம் பத்து பேருதானே? நின்னுக்கிட்டு வருவாங்க. பத்து பேருக்காக ஒரு பஸ்ஸ யாராவது எடுப்பாங்களா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஸ்பீக்கர் மிஸ்ஸுக்கும் சிரிப்பு வந்தது, சத்தமில்லாமல். அன்று மாலை வீட்டில் இதைச் சிலேட்டில் எழுதிக் கணவரிடம் காட்டினார். அவர் படித்துவிட்டு, "அவன் சொல்றதுதான் சரி. நான் ஓட்டுற வண்டியில உக்காந்து வர்றவங்கள விட நின்னுட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி. கேள்வி கேட்டவரு பஸ்ஸுல ஏறினதே இல்ல போலிருக்கு" என்றார்.

ஆனால் ஸ்பீக்கர் மிஸ்ஸுக்கு அந்தப் பதில் மனதில் தைத்துக்கொண்டது. அவன் வகுத்தலில் எங்கேயும் தவறவில்லை. மீதியைக்கூடச் சரியாகச் சொன்னான். இருபது வருடமாக இப்படி எத்தனை 'மூன்று'களைத் தப்பு என்று தள்ளியிருப்போம்?

மறுநாளிலிருந்து கரும்பலகையின் மூலையில் அந்த 'ஏன்?' அழியாமலே இருந்தது. யார் விடை சொன்னாலும், சரியோ தப்போ, அதைக் காட்டுவார். ஒரு பெண், புள்ளி ஐந்தைவிடப் புள்ளி முப்பத்தைந்துதான் பெரிது என்றாள். ஏன்? "முப்பத்தஞ்சு அஞ்ச விடப் பெருசுன்னு ஒண்ணாங் கிளாஸ்லயே சொல்லிக்குடுத்தாங்க மிஸ். முன்னாடி ஒரு புள்ளி வெச்சா அது மாறிரும்னு யாரும் என்கிட்ட சொல்லவே இல்ல." அவள் குரலில் உண்மையான மனத்தாங்கல் இருந்தது. பக்கத்திலிருந்தவள் அவளுக்கு விளக்கத் தொடங்கினாள். அளவுகோலை எடுத்து, ஒரு மீட்டர் துணியில் பாதி எவ்வளவு, முப்பத்தைந்து சென்டிமீட்டர் எவ்வளவு என்று காட்டினாள். இவர் ஒரு சொல் பேசவில்லை. காது கொடுத்தார், அவ்வளவுதான்.

தப்பான விடை என்றால் அங்கே ஒன்றும் இல்லை, வெறும் பொட்டல் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். இப்போது எட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு வீடாக இருந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் வைத்து, ஆள் குடியிருக்கிற வீடு.

பலகோணங்கள் வந்த நாளை அவர் சாகும்வரை மறக்க மாட்டார். எந்தப் பலகோணமானாலும் அதன் வெளிக்கோணங்களின் கூடுதல் முந்நூற்று அறுபது பாகை. தேர்வில் தவறாமல் வருகிற கேள்வி. இவர் முழங்கி முழங்கிப் பதிய வைத்த சூத்திரம். அன்று யாரோ விடை சொன்னார்கள், இவர் 'ஏன்?' என்பதைத் தொட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அவருக்கே தெரியாது. பாடப் புத்தகத்தில் நிரூபணம் இருந்தது. அதை எழுதுவார், அடிக்கோடு இழுப்பார், அடுத்த கணக்குக்குப் போவார். முக்கோணத்துக்கும் நூறு கோணத்துக்கும் ஒரே தொகை எப்படி வரும் என்று அவர் நின்று யோசித்ததே இல்லை.

பம்பரம் எழுந்துவிட்டாள். 'உக்காரு' என்று சொல்ல ஆளில்லை. நடுவில் கிடந்த பெஞ்சுகளை இழுத்து ஐந்து மூலை வருகிற மாதிரி கோணல்மாணலாகப் போட்டாள். கரும்பலகையைப் பார்த்து நின்று, பெஞ்சை ஒட்டி நடக்கத் தொடங்கினாள். மூலை வந்ததும் திரும்பினாள். அடுத்த மூலையில் இன்னொரு திருப்பம். கடைசித் திருப்பமும் முடிந்து பழைய இடத்தில் வந்து நின்றாள். முகம் மறுபடி கரும்பலகையைப் பார்த்தது.

"மிஸ், வெளிக்கோணம்னா நான் மூலையில திரும்புற அளவுதானே? இப்ப நான் மொதல்ல பாத்த பக்கமே பாக்குறேன். அப்ப மொத்தமா ஒரு முழுச் சுத்து சுத்திட்டேன். அதான் முந்நூத்தி அறுபது!"

ஒருவன், "மூலை பத்து இருந்தா?" என்றான்.

"பத்துத் தடவ கொஞ்சம் கொஞ்சமாத் திரும்புவேன். கடைசியில இங்கதானே வரணும்?"

"ஆயிரம் இருந்தா?"

"ஆயிரம் இருந்தாலும் ஒரே சுத்துதான்டா!"

ஸ்பீக்கர் மிஸ்ஸுக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. உலகத்தில் உள்ள எல்லா வயலும், எல்லா மைதானமும், எத்தனை மூலை இருந்தாலும் இந்த ஒரு சுற்றுக்குள் அடங்கிவிடுகின்றன. அதை நடந்தே கண்டுபிடித்தவள், ஒரு வருடமாக இவர் 'உக்காரு உக்காரு' என்று அடக்கி வைத்திருந்த பெண்.

அதற்குள் வகுப்பு முழுவதும் எழுந்து பெஞ்சைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார்.

"என்ன நடக்குது இங்க?"

"நாங்கதான் சார் நடக்குறோம்" என்றான் ஒருவன் வெள்ளந்தியாக.

அவர் முகம் சிவந்தது. ஸ்பீக்கர் மிஸ் கையைக் கூப்பி, ஒரு நிமிடம் என்று சைகை காட்டினார். பம்பரம் அவருக்கும் விளக்கினாள். அவர் நம்பவில்லை. நாற்பது வயதுக்கு மேல் கணக்கை யாரும் அவருக்குச் சொல்லித்தந்ததில்லை. கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு, தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு, பெஞ்சுகளுக்கு நடுவே அவரே ஒரு சுற்று வந்தார். நின்றார். எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். "அடடா" என்றார் மெதுவாக. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "பெஞ்ச இழுக்குற சத்தம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேர்வு வந்தது, போனது. முடிவும் வந்தது. வானம் இடிந்து விழவில்லை. எப்போதும் வாலில் கிடக்கிற பிரிவு நடுவுக்கு ஏறியிருந்தது. பத்துப் பேரை நின்றுகொண்டே பயணம் செய்ய வைத்தவன் கணக்கில் வகுப்பிலேயே முதலாக வந்தான். பம்பரத்துக்குச் சுமாரான மதிப்பெண்தான். ஒரு கேள்வியிலேயே லயித்துப்போய்ப் பாதி வட்டங்களை நிரப்பாமல் விட்டுவிட்டாள். தலைமையாசிரியர் முடிவுத் தாளைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு இவ்வளவுதானா?" என்று தன் மதிப்பெண்ணே குறைந்தது போலக் கேட்டார். ஸ்பீக்கர் மிஸ்ஸுக்கும் அது வருத்தம்தான். கேள்விக்கு இவ்வளவு நேரம் என்று பிரித்து எழுதும் பழக்கத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், அது தன் வேலைதான் என்று கணவரிடம் சொன்னார்.

ஆம், சொன்னார். அதற்குள் மருத்துவர் பேச அனுமதி கொடுத்திருந்தார். திரும்பி வந்தது பழைய குரல் அல்ல, மெல்லிசான, கொஞ்சம் கரகரத்த ஒன்று. கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டுமானால் கடைசி பெஞ்சு அமைதியாக இருக்க வேண்டும். ஆச்சரியம், இருந்தார்கள். அறிவியல் டீச்சர்கூட, "உங்க சத்தம் இல்லாம எனக்கு வகுப்பே ஓட மாட்டேங்குது" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்கு முந்தைய வாரம், நடத்தப் பாடம் எதுவும் மிச்சமில்லாத ஒரு பிற்பகல். பம்பரம் மேசையருகே வந்து நின்றாள்.

"மிஸ், பூமி உருண்டைதானே? அதுமேல நடந்தாலும் ஒரு முழுச் சுத்து வருமா?"

"வரும்" என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார். விளையாட்டு அறையிலிருந்து ஒரு பழைய கைப்பந்தை எடுத்துவரச் சொன்னார். சாக்குக்கட்டியால் உச்சியிலிருந்து பந்தின் இடுப்புவரை ஒரு கோடு இழுத்தார்கள். அங்கே ஒரு கால் திருப்பம், அதாவது தொண்ணூறு பாகை. இடுப்பை ஒட்டிக் கால்வாசி தூரம். இன்னொரு கால் திருப்பம். நேரே மேலே ஏறினால் மறுபடியும் உச்சி. அங்கே மூன்றாவது கால் திருப்பம் திரும்பியதும், முதலில் பார்த்த திசை வந்துவிட்டது.

"மூணு கால்தான் மிஸ் ஆச்சு" என்றாள் பம்பரம். "இன்னொரு கால் எங்க போச்சு?"

ஸ்பீக்கர் மிஸ் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோட்டை அழித்து மறுபடி போட்டார். அதே மூன்றுதான். விரலெல்லாம் சாக்குத் தூள்.

"எனக்குத் தெரியலடி" என்றார், அந்தப் புதிய மெல்லிய குரலில், முகமெல்லாம் மலர்ந்து. "சத்தியமாத் தெரியல. இன்னொரு தடவ நட பாக்கலாம்."