எண்ணாமல் எழுதிய இருபது

டிப்ளமோ நர்ஸாக ஒன்பது வருஷம் வேலை பார்த்த பிறகு, முப்பத்திரண்டு வயதில் மறுபடியும் சீருடை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். பிளஸ் டூ முடித்து வருகிறவர்களுக்கு நர்சிங் பட்டம் நான்கு வருஷம். எங்களைப் போல வேலை தெரிந்தவர்களுக்கு இரண்டே வருஷம். அந்த இரண்டே அதிகம் என்பது என் எண்ணம். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் முதலில் கொண்டுவருகிற ஆஸ்பத்திரியில் இருந்தவள் நான். நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் ஊசி ஏற்றுவேன். எனக்குப் படுக்கை விரிக்கச் சொல்லித்தருகிறார்களே என்று முதல் மாதம் முழுக்கப் பொருமினேன்.

வகுப்பில் எல்லோருக்கும் இதே கொழுப்பு உண்டு. "எங்க ஆஸ்பத்திரியில இப்படி இல்லீங்க மேடம்" என்று தினமும் யாராவது ஆரம்பிப்போம். எங்களை வார்டுக்குக் கூட்டிப்போகிற மேடம் என்னைவிட ஐந்து வயது சின்னவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார், பிறகு புத்தகத்தில் உள்ளபடி செய்யச் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒவ்வொரு வார்டு முடிந்ததும் எங்கள் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் விடுமுறையில் வந்து அந்த வார்டை மறுபடி பார்க்க வேண்டும். என் மகள் பென்னாகரத்தில் என் அம்மாவிடம் இருந்தாள். விடுமுறை முழுக்க அவளோடு இருப்பதாகச் சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் என் பொறுப்பில் அரூர் பக்கத்து அம்மா ஒருவர். ஐம்பது வயது இருக்கும், முந்தின நாள் காய்ச்சலோடு சேர்ந்தவர். காலை எட்டு மணிக்குக் காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் சார்ட்டில் எழுதினேன். முதல் இரண்டையும் பார்த்து எழுதினேன். மூச்சுக்கு இருபது என்று போட்டேன். அதை எண்ணுவதற்கு ஒரு நிமிஷம் முழுதாக நிற்க வேண்டும், யாருக்கு நேரம்? நான் பார்த்த சார்ட்டுகளில் பாதிப்பேர் நிமிஷத்துக்கு இருபது முறைதான் மூச்சு விட்டார்கள்.

பத்து மணிக்கு மேடம் வந்து சார்ட்டைப் பார்த்தார்.

"எண்ணித்தான் எழுதுனீங்களா சிஸ்டர்?"

"எண்ணுனேங்க மேடம்" என்றேன், கூசாமல்.

"இப்ப ஒருக்கா எண்ணலாமா?"

இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முப்பத்திநான்கு. எனக்குக் காது சூடாகிவிட்டது. மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆக்சிஜன் வைக்கச் சொல்லிவிட்டு டூட்டி டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் நேராகச் சார்ட்டைத்தான் எடுத்தார். "எட்டு மணிக்கு இருபது, இப்ப முப்பத்திநாலா? இவ்வளவு திடீர்னு ஏறுச்சுன்னா நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கலாம். சேலத்துக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்துரலாம், ஆம்புலன்ஸ் சொல்லுங்க."

அந்த இருபதை அவர் நம்பிவிட்டார். மூச்சு வாங்குகிற ஒரு பெண்ணைத் தொப்பூர் வழியாக அனுப்பப் போகிறார்கள், நான் போட்ட ஒரு பொய் எண்ணுக்காக. வாயைத் திறந்தால் மேடத்திடம் சொன்ன பொய்யும் சேர்ந்து உடையும், கையெழுத்தும் போகும். பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைக்கவே செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"சார், அந்த இருபது எண்ணாம போட்டதுங்க. காலையில எவ்வளவு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க."

வார்டில் இருந்த என் வகுப்புக்காரிகள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். டாக்டர் கட்டிலருகே குனிந்து, "எப்ப இருந்தும்மா இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டார்.

"நேத்து பொழுது சாயறப்ப இருந்தே இப்படித்தானுங்க" என்றார் அந்த அம்மா. "யாரும் கேக்கலீங்களே."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், அங்கேயே எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்கம் அடியில் நிமோனியா. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மருந்தை மாற்றினார். மேடம் சார்ட்டை என்னிடம் நீட்டி, இருபதின் மேல் ஒரே ஒரு கோடு போட்டுக் கையெழுத்திடச் சொன்னார், அழிந்துபோகாமல் எண் தெரிகிற மாதிரி. என் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

விடுமுறையில் ஏன் வரவில்லை என்று மகள் போனில் கேட்டாள். ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டேன், திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். "இம்போசிஷனாம்மா?" என்று சிரித்தாள். ஆமாம் என்றேன்.

அந்த அரூர் அம்மா பத்து நாளில் குணமாகி, தானே நடந்து வார்டை விட்டுப் போனார். நானும் நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் வாங்கினேன். இப்போது நான் எழுதுகிற ஒவ்வொரு எண்ணுக்கும் யார் முன்னாலும் நின்று பதில் சொல்வேன், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஒன்பது வருஷத்தில் எத்தனை இருபது போட்டிருப்பேன்? அந்தக் கட்டில்களில் படுத்திருந்தவர்களையும் நான் எதுவும் கேட்கவில்லை.